கேளுங்கள், சொல்கிறேன்: அளந்தால் என்ன ஆகிறது?

கேள்வி: பிணைந்த இரண்டு எலக்ட்ரான்களில் ஒன்றை இங்கே அளந்தால், எங்கோ இருக்கும் மற்றதின் நிலையும் அந்தக் கணமே முடிவாகிவிடுமாமே! அப்படியானால் ஒளியைவிட வேகமாகச் செய்தி அனுப்பலாம்தானே?

பதில்: முடியாது. (இந்தக் கேள்வி இல்லாமல் எனக்குக் கடிதக் கட்டு வந்ததே இல்லை!) ஒரு எலக்ட்ரான் உங்களிடம், இன்னொன்று தோழியிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எலக்ட்ரானின் தற்சுழற்சியை ('ஸ்பின்' என்ற பண்பை) எந்தத் திசையில் அளந்தாலும் உங்களுக்கு 'மேல்', 'கீழ்' என்று பாதிக்குப் பாதிதான் வரும். தோழி அளந்தாலும் சரி, திசையை மாற்றி அளந்தாலும் சரி, கருவியைத் தொடாமலே இருந்தாலும் சரி, உங்கள் பக்கத்துக் கணக்கு துளியும் மாறாது. அப்புறம் இருவரும் பட்டியல்களை ஒப்பிடும்போதுதான் தொடர்பு தெரியவரும். அதுவும் லேசுப்பட்ட தொடர்பில்லை. விடைகள் முன்பே அந்தந்தத் துகளுக்குள் முடிவாகியிருந்தால், நான்கு அளவீடுகளைச் சேர்த்துப் போடும் ஒரு கணக்கு 2-ஐத் தாண்டக் கூடாது. 2015-இல் நெதர்லாந்தின் டெல்ஃப்டில், 1.3 கிலோமீட்டர் இடைவெளியில் அளந்தபோது 2.42 வந்தது.

கேள்வி: பல சாத்தியங்கள் இருக்க, அளக்கும்போது ஒரு விடை மட்டும் வருவது ஏன் என்ற அளவீட்டுச் சிக்கலை, சுற்றுப்புறத்தோடு கலப்பதால் குறுக்கீடு மறையும் 'டீகோஹியரன்ஸ்' தீர்த்துவிட்டதாகப் படித்தேன். உண்மையா?

பதில்: பாதி. குவாண்டம் நிலைகள் எப்படி மாறும் என்று சொல்லும் ஷ்ரோடிங்கர் சமன்பாட்டை மட்டும் நம்பினால், எலக்ட்ரானின் இரண்டு சாத்தியங்களும் கருவிக்குத் தொற்றும். கருவியிலிருந்து காற்று மூலக்கூறுகளுக்கு, அங்கிருந்து அறையின் ஒளிக்கு. முதல் கேள்வியில் வந்த தோழியின் இடத்தில் இப்போது கோடானுகோடி மூலக்கூறுகள் இருக்கின்றன. அவற்றை விட்டுவிட்டுக் கருவியை மட்டும் எப்படிச் சோதித்தாலும், இரண்டு சாத்தியங்களும் ஒன்றோடொன்று குறுக்கிடும் தடயம் கிடைக்காது. 1970-இல் இயற்பியலாளர் ஸே தொடங்கிவைத்த இந்த வாதத்தில் எனக்குக் குறை ஏதும் தெரியவில்லை.

ஆனால் குறுக்கீடு மறைந்தது என்பதாலேயே ஒரு விடை தேர்வாகிவிடாது. பாதிக்குப் பாதி என்ற கணக்கு கையில் இருக்கிறது, சரி; இந்த முறை கருவியின் முள் ஏன் 'மேல்' பக்கம் போனது? இரண்டுமே நடக்கின்றன என்றார் எவரெட் (1957). கிரார்டி, ரிமினி, வெபர் மூவரும் (1986) சமன்பாட்டையே திருத்தினார்கள்: தனித் துகள் ஒன்றின் அலை (அதன் சாத்தியங்களைக் குறிக்கும் அலை) ஏறக்குறைய 30 கோடி ஆண்டுக்கு ஒருமுறை தானாகச் சரிந்து ஓரிடத்தில் குவியும், கருவியில் துகள்கள் எக்கச்சக்கம் என்பதால் அங்கே நொடிக்குள் சரிந்துவிடும். என் ஓட்டு இந்தப் பக்கம். காரணம், இந்த வகை யோசனைகளைச் சோதித்துத் தோற்கடிக்க முடியும். ஈர்ப்புதான் அலையைச் சரிக்கிறது என்ற டியோஷி-பென்ரோஸ் யோசனையின் எளிய வடிவம் 2020-இல் அப்படித்தான் அடிபட்டது. இத்தாலியின் கிரான் சாஸோ மலைக்கடியில் வைத்த கருவியில் (ஜெர்மேனியம் என்ற தனிமத்தால் ஆனது), அந்த யோசனை எதிர்பார்த்த கதிர்வீச்சு தென்படவில்லை.