ரேட்டிங் ஏறும் என்று சொல்லிக் கையெழுத்துக் கேட்கிறார்கள், போடலாமா?

கேள்வி: என் தம்பி அமெரிக்காவில் தொழில்முறைக் குத்துச்சண்டை வீரன். இதுவரை ஆடிய ஒன்பது போட்டிகளிலும் தோற்றதில்லை. தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகும் எட்டுச் சுற்றுப் போட்டி ஒன்றுக்கு, மூன்று வார அவகாசத்தில் ஒரு இடைத்தரகர் அழைக்கிறார். எதிராளி, அந்தப் போட்டியை ஏற்பாடு செய்து நடத்தும் புரமோட்டரின் ஒப்பந்த வீரர். தம்பி ஜெயித்தால் மூன்று ஆண்டுகள் அதே புரமோட்டரிடம் இருக்க வேண்டுமாம். “டிவியில் வந்தால் ரேட்டிங் ஏறும், அடுத்தது பட்டப் போட்டிதான்” என்கிறார் தரகர். ஒப்புக்கொள்ளலாமா?

பதில்: ஒப்பந்தம் இப்போதிருக்கும் வடிவில் கையெழுத்துப் போட வேண்டாம்.

முதலில், தரகர் ‘ரேட்டிங்’ என்ற ஒரே சொல்லை வைத்து இரண்டு வெவ்வேறு சரக்குகளை விற்கிறார் என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கு தொலைக்காட்சிக்கும் புரமோட்டருக்கும் உரியது. அதைக் காட்டி அவர்கள் அடுத்த ஒளிபரப்புக்கு விலை பேசுவார்கள். உங்கள் தம்பிக்கு வேண்டியதோ உலகப் பட்டங்களை வழங்கும் அமைப்புகள் வெளியிடும் தரவரிசையில் ஓர் இடம். பத்து லட்சம் பேர் பார்த்தார்கள் என்பதற்காக எந்த அமைப்பும் ஒரு வீரரை மேலே ஏற்ற வேண்டிய கட்டாயம் இல்லை. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்புவது பழைய தந்திரம். 1977-இல் அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சி, டான் கிங் என்ற புரமோட்டர் நடத்திய அமெரிக்கச் சாம்பியன்ஷிப் தொடரைப் பாதியிலேயே நிறுத்தியது. அதில் ஆடிய சில வீரர்களின் கணக்கில், நடக்கவே நடக்காத போட்டிகள் வெற்றிகளாகச் சேர்க்கப்பட்டிருந்தது வெளியே வந்ததே காரணம். தொலைக்காட்சிக்கு ஆள் தேவைப்பட்டபோது தரவரிசை காகிதத்தில் தயாரானது.

அடுத்து, உங்கள் தம்பியை ஏன் அழைக்கிறார்கள் என்று யோசியுங்கள். ஒளிபரப்பு நேரத்தை நிரப்ப வேண்டும். தங்கள் வீரர் ஜெயிக்க வேண்டும். ஆனால் முதல் சுற்றிலேயே முடிந்துவிடக் கூடாது. தோல்வியே காணாத, நான்கைந்து சுற்றாவது தாக்குப்பிடிக்கக்கூடிய, தயாராவதற்குப் போதிய நாள் இல்லாத ஒருவர் இந்தக் கணக்குக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறார். போட்டி அமைப்பவரின் வேலையே அதுதான். உங்கள் தம்பி ஜெயிக்க முடியாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் மூன்று வாரத்தில் எடையைக் குறைத்துக்கொண்டு போய் நிற்பதாக இருந்தால், சம்பளமும் ஒப்பந்தமும் அந்த ஆபத்துக்கு ஈடாக இருக்க வேண்டும்.

மூன்று ஆண்டு நிபந்தனைக்கு வருகிறேன். அமெரிக்காவின் 2000-ஆம் ஆண்டு முகமது அலி குத்துச்சண்டைச் சீர்திருத்தச் சட்டப்படி, தன் ஒப்பந்த வீரருடன் மோத அனுமதிப்பதற்கு விலையாக எதிரே ஆடுபவரின் (இங்கே உங்கள் தம்பியின்) எதிர்காலப் போட்டிகளுக்கான உரிமையைப் புரமோட்டர் கேட்டால், பன்னிரண்டு மாதத்துக்கு மேற்பட்ட பகுதி செல்லாது. செல்லாது என்று தெரிந்தேதான் எழுதுகிறார்கள். அரசும் வழக்குத் தொடரலாம் என்றாலும், நடைமுறையில் பெரும்பாலும் வீரரே வழக்கறிஞர் வைத்து, செலவு செய்து நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. இருபத்தைந்து வயதில், அடுத்த போட்டியை நம்பி வாடகை கட்டும் ஒருவர் எங்கே போவார்? சட்டத்தைக் காக்கும் பொறுப்பும் கடைசியில் அடிபடுகிறவன் தலையிலேயே விழுகிறது.

அதே சட்டத்தில் உள்ள ஒரு விலக்கை நீங்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். வீரரின் மேலாளர் புரமோட்டரிடம் சம்பளம் வாங்கக் கூடாது, புரமோட்டருக்கு வீரரின் மேலாண்மையில் பங்கு இருக்கக் கூடாது என்று சட்டம் இருவருக்கும் நடுவே சுவர் எழுப்புகிறது. ஆனால் அந்தச் சுவர் பத்துச் சுற்றும் அதற்கு மேலும் உள்ள போட்டிகளில் ஆடுபவர்களுக்குத்தான். உங்கள் தம்பியுடையது எட்டுச் சுற்று. ஆகவே “நான் உங்கள் பக்கம்” என்று சொல்லும் இந்தத் தரகர் நாளைக்கே மேலாளர் என்ற பெயரில் பணத்தில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு, மறுபுறம் புரமோட்டரிடமும் கூலி வாங்கினால், இந்தப் பிரிவைக் காட்டி அவரைத் தடுக்க முடியாது. எட்டுச் சுற்று வீரனுக்குத்தான் பாதுகாப்பு அதிகம் தேவை. அவனைத்தான் வெளியே நிறுத்தியிருக்கிறார்கள். எனவே யாரிடமிருந்து எவ்வளவு பெறுகிறார் என்பதைத் தரகரிடம் எழுத்தில் கேளுங்கள். தம்பியின் பணத்திலிருந்து பிடிக்கப்போகும் ஒவ்வொரு செலவையும் புரமோட்டரிடம் எழுதி வாங்குங்கள்.

கடைசியாக, ‘டிவியில் வரும்’ என்ற வாக்குறுதி. மற்றப் போட்டிகள் சீக்கிரம் முடிந்தால் இடைவெளியை நிரப்புவதற்கென்று ‘ஸ்விங் போட்டி’ ஒன்றைத் தயாராக வைத்திருப்பது வழக்கம். ஒரு முறை அப்படிப்பட்ட இளைஞர் ஒருவருடன் உடைமாற்றும் அறையில் இருந்தேன். எட்டு மணிக்கே கையுறை மாட்டி, மணிக்கட்டில் நாடா சுற்றியாகிவிட்டது. தண்ணீர்ப் பாட்டிலைக்கூட நான்தான் பிடித்துக்கொடுத்தேன். இரண்டு முறை வியர்க்க வைத்து, இரண்டு முறையும் ‘பொறு’ என்றார்கள். பிரதானப் போட்டி முடிந்து, ஒளிபரப்பும் நின்ற பிறகு, காலி நாற்காலிகளுக்கு முன்னால்தான் அவரை ஏற்றினார்கள். எனவே தம்பியின் போட்டி எந்த வரிசையில் வருகிறது, ஒளிபரப்பில் உறுதியாக இடம் உண்டா என்று கேளுங்கள். ஒளிபரப்பாகாவிட்டாலும் முழுப் பணம் உண்டு என்பதும், உரிமை பன்னிரண்டு மாதத்தோடு முடியும் என்பதும் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்ட பிறகு, அதன் நகலை உங்கள் கையில் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.