விளம்பரத்துல வர்ற புருஷன் ஏன் எப்பவும் அசடா இருக்கான்?

கேள்வி: அக்கா, எந்த விளம்பரத்தைப் பாத்தாலும் புருஷன்காரன் ஒண்ணும் தெரியாத மக்காவே இருக்கான். டீ போடத் தெரியாது, டயப்பர் மாட்டத் தெரியாது, பொண்டாட்டி வந்து சரி பண்ணனும். பொம்பளைய இப்படிக் காட்டினா சும்மா விடுவாங்களா? ஆம்பளைன்னா இளக்காரமா? (பெயர் வேண்டாம், ஈரோடு)

பதில்: உங்க கோவம் நியாயம் தான் தம்பி. குழந்தைய குளிப்பாட்டி, டிபன் கட்டி, ஸ்கூல் வேன்ல ஏத்திவிட்டுட்டு அப்புறம் ஆபீஸ் போற ஆம்பளைங்க எத்தனையோ பேர் இருக்காங்க, அவங்கள டிவியில தேடித்தான் பாக்கணும். அமெரிக்காவுல 2012ல ஹக்கீஸ் கம்பெனி, அப்பா கையில குழந்தைய விட்டாலும் இந்த டயப்பர் தாங்கும்ங்கிற ரீதியில ஒரு விளம்பரம் எடுத்துச்சு, அப்பாங்க சேந்து எதிர்ப்பு தெரிவிச்சாங்க, கம்பெனி அதை மாத்திடுச்சு.

ஆனா ஒண்ணு யோசிங்க. அந்த 30 செகண்ட் முடிஞ்சதுக்கு அப்புறம் டீயை யார் போடுறா? அவ தான். டயப்பரை யார் மாட்டுறா? அவ தான். அவனுக்குத் தெரியாதுன்னு எல்லாரும் சிரிச்சிட்டு விட்டுடுறாங்க, அடுத்த தடவை அவனை யாரும் அடுப்படிக்குக் கூப்பிடப் போறதில்ல. நம்ம வார இதழ்கள்ல எத்தனை வருஷமா பூரிக்கட்டை ஜோக் வந்துச்சு, புருஷன் அடி வாங்குவான், எல்லாரும் சிரிப்போம், ஆனா பூரி தேய்க்கிறது என்னைக்கும் அவ தான்.

இதுக்கு நேர் எதிரா மசாலா விளம்பரத்தைப் பாருங்க. குடும்பமே டேபிள்ல உக்காந்திருக்கும், அவ மட்டும் கையில கரண்டியோட நின்னுட்டிருப்பா, புருஷன் முதல் வாய் வச்சு கண்ணை மூடுவான், அந்த ரெண்டு செகண்ட் கேமரா அவ மூஞ்சிக்குப் போகும், பரீட்சை ரிசல்ட்டுக்கு நிக்கிற மாதிரி நிப்பா, அவன் தலைய ஆட்டின பிறகு தான் சிரிப்பா. அவ தட்டு எங்கன்னு தேடிப்பாருங்க, பாதி விளம்பரத்துல இருக்கவே இருக்காது. இந்த ராஜாவும் நீங்க சொல்ற அசடும் வேற வேற ஆள் இல்ல தம்பி, ரெண்டு பேருமே வீட்டு வேலை பக்கம் போகாத ஒரே புருஷன் தான். அதனால தான் அசடா காட்டுறது ஆம்பளைக்கு அவமானம்னு மட்டும் பாக்காதீங்க, பொம்பளை தலையில வேலைய கட்டுறதும் அது தான்னு சொல்றேன்.

பிரிட்டன்ல 2019 ஜூன்ல ஒரு விதி கொண்டு வந்தாங்க, ஆம்பளை பொம்பளை இப்படித்தான்னு கெடுதலா முத்திரை குத்துற விளம்பரம் கூடாதுன்னு. ஆகஸ்ட்ல முதல் தடவையா ரெண்டு விளம்பரத்துக்கு தடை. ஒண்ணு பிலடெல்பியா சீஸ், ரெண்டு அப்பாங்க சாப்பாட்டு ஆசையில கைக்குழந்தைங்கள ஹோட்டல்ல சாப்பாடு சுத்தி வர்ற பெல்ட்ல வச்சு மறந்துடுவாங்க. இன்னொண்ணு ஃபோக்ஸ்வேகன் கார், ஆம்பளைங்க விண்வெளியில மிதப்பாங்க, தடகளத்துல தாண்டுவாங்க, கடைசியில ஒரு அம்மா குழந்தை வண்டி பக்கத்துல பெஞ்சுல உக்காந்திருப்பா. முதல் விளம்பரத்துக்கு வந்த புகார் 128, ரெண்டாவதுக்கு வெறும் 3. அப்பாவ அசடா காட்டினது எல்லார் கண்ணுலயும் பட்டுச்சு, அம்மா பெஞ்சுல உக்காந்திருக்கிறது யாருக்கும் உறுத்தல. எனக்கு அந்த 3 தான் ரொம்ப கவலையா இருக்கு.

கேள்வி: இப்பல்லாம் புருஷன் துணி துவைக்கிற மாதிரி விளம்பரம் வருதே மேடம், காலம் மாறிடுச்சுன்னு எடுத்துக்கலாமா? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: ஏரியல் 2015ல ஆரம்பிச்ச தொடரைச் சொல்றீங்கன்னு நினைக்கிறேன். 2016ல வந்தது எனக்கு ரொம்பப் பிடிக்கும். மக வேலை முடிஞ்சு வீட்டுக்கு வந்து, போன்ல ஆபீஸ் பேசிக்கிட்டே சமையல், குழந்தை, துணின்னு ஓடுவா, அவ புருஷன் டிவி முன்னாடி இருப்பான், இதெல்லாம் பாத்துட்டு அவ அப்பா மனசுக்குள்ள மன்னிப்பு கேட்டு கடிதம் எழுதுவாரு, வீட்டுக்குத் திரும்பிப் போய் தன் துணிய தானே மெஷின்ல போடுவாரு. மருமகனை மட்டும் குத்தம் சொல்லாம, நான் வீட்ல என்ன செஞ்சு காமிச்சேன்னு ஒரு அப்பா தன்னையே கேக்குறது பெரிய விஷயம்.

அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி, 2014ல வந்த ஏர்டெல் விளம்பரம் ஞாபகம் இருக்கா? ஆபீஸ்ல அவ பாஸ், அவன் கீழ வேலை பாக்குறவன், வேலைய முடிச்சே ஆகணும்னு சொல்லிடுவா, வீட்டுக்குப் போனா தான் தெரியும் அவன் அவ புருஷன்னு. சமைச்சு வச்சுட்டு வீடியோ கால்ல சீக்கிரம் வான்னு கூப்பிடுவா. பொம்பளைய பாஸா காட்டினதுக்கு நிறைய பேர் பாராட்டினாங்க, வீட்டுக்கு வந்தும் ஏன் அவளே அடுப்புல நிக்கணும்னு நிறைய பேர் சண்டை போட்டாங்க. நான் சண்டை போட்டவங்க பக்கம்.

மாறிடுச்சான்னு கேட்டீங்க. அரசாங்கத்தோட நேரப் பயன்பாட்டு சர்வே என்ன சொல்லுதுன்னா, சம்பளமில்லாத வீட்டு வேலைக்கு 2019ல பொம்பளைங்க ஒரு நாளைக்கு 299 நிமிஷம், ஆம்பளைங்க 97 நிமிஷம். 2024ல 289, 88. அதுவும் இது வீட்டு வேலை செய்யுற ஆம்பளைங்களோட சராசரி மட்டும் தான், ஒண்ணுமே செய்யாதவங்க இந்தக் கணக்குல வரவே மாட்டாங்க. துவைக்கிற புருஷனை டிவியில இத்தனை வருஷமா பாத்தாச்சு, வீட்ல ஆம்பளையோட நிமிஷம் கூடவே இல்ல. விளம்பரம் நல்லது தான், வரட்டும், ஆனா அதைப் பாத்து கை தட்டிட்டு தட்டை அப்படியே டேபிள்ல வச்சுட்டு எந்திரிச்சுப் போறவங்கள நான் நிறைய பாத்துட்டேன்.

கேள்வி: சீரியல்ல பொம்பளைங்கள மிரட்டுற ஆளை எங்க வீட்டு ஆம்பளைங்க ஹீரோ மாதிரி ரசிக்கிறாங்க. சங்கடமா இருக்கு. (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: எதிர்நீச்சல் சீரியல்ல இது தான் நடந்துச்சு. குணசேகரன்னு ஒரு அண்ணன்காரன், வீட்டு மருமகள்கள அடுப்படிய விட்டு வெளிய விடாம அடக்குறவன். 2023ல காலமான மாரிமுத்து அந்த வேஷத்தை அவ்வளவு உயிரோட்டமா செஞ்சாரு, கடைசியில அந்த அதட்டலே மீம் ஆகி எல்லார் போன்லயும் சுத்துச்சு. கதை அந்த நாலு மருமகள்கள் பக்கம் தான் நின்னுச்சு, ரசிகர்கள் அவன் பக்கம் போயிட்டாங்க. உங்க வீட்ல அந்த அதட்டலை யாராவது உங்ககிட்ட விளையாட்டா சொன்னா சிரிக்காதீங்கம்மா. பிடிக்கலன்னு நேரா சொல்லுங்க, பிள்ளைங்க பாத்துட்டிருக்கும்போதே சொல்லுங்க.

கேள்வி: இதுக்கெல்லாம் எங்க புகார் பண்றது? (ஈரோடு தம்பியே தான்)

பதில்: விளம்பரம்னா ஆஸ்கி, இந்திய விளம்பரத் தர கவுன்சில். 2022 ஜூன்லயே இதுக்குன்னு வழிகாட்டு விதி போட்டிருக்காங்க, பொம்பளை வீடு கூட்டுறதைக் காட்டலாம், ஆனா அது பொம்பளைக்கு மட்டுமான வேலைன்னு சொல்லக்கூடாது, பொம்மை வச்சு விளையாடுற பையனைத் திட்டுற மாதிரியும் எடுக்கக்கூடாது. அவங்க வெப்சைட்லயே புகார் கொடுக்கலாம். சீரியல்னா அது பி.சி.சி.சி., டிவி நிகழ்ச்சிங்க மேல வர்ற புகாரை விசாரிக்க 2011ல ஆரம்பிச்ச அமைப்பு. எந்த சேனல், எந்த நாள், எத்தனை மணிக்குன்னு மறக்காம குறிச்சு அனுப்புங்க. அனுப்பும்போது பிலடெல்பியா மாதிரி கேஸ் மட்டும் இல்லாம பெஞ்சுல உக்காந்திருக்கிற அம்மா மாதிரி கேஸும் கண்ணுல பட்டா அதையும் சேத்து அனுப்புங்க தம்பி.