40,000 ரூபாவுக்குள் வீட்டுப் படம் எடுக்க ஒரு சின்னக் கமரா: எத்தனை மெகாபிக்சல் பார்த்து வாங்குவது?

கேள்வியை இன்னொரு தடவை சொல்லிவிடுகிறேன், பதில்களுக்குள் அது காணாமல் போய்விட்டது. ஒன்றரை வயதில் பிள்ளை இருக்கிறது, 40,000 ரூபா வரை போகலாம், பையில் போடும் அளவில் ஒரு கமரா வேண்டும், எத்தனை மெகாபிக்சல் நல்லது. இவ்வளவுதான் கேட்டிருக்கிறீர்கள். அதற்கு ஒருவர், "போன் இருக்கத்தக்கதாக எதுக்குக் கமரா?" என்கிறார். கடைக்குப் போய் ஒரு றாத்தல் பாண் கேட்டால், சோறு தின்னலாமே என்று முதலாளி சொல்வது மாதிரி இருக்கிறது. அந்த வரிக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் படப்பிடிப்பாளன் இல்லை. கமராக் கடையும் வைத்திருக்கவில்லை. கல்முனையில் ஒரு அலுவலகத்தில் கிளாக்கர் வேலை, வீடு காரைதீவில். பகல் வெளிச்சத்தில் இன்றைய போன் 40,000 ரூபாக் கமராவை விட நல்ல படம் தரும். அதை இப்போதே ஒத்துக்கொள்கிறேன், யாரும் வந்து சண்டை பிடிக்க வேண்டாம். ஆனால் உங்கள் வீடும் என் வீடு மாதிரித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். மண்டபத்தின் நடுவில் ஒரு மின்குமிழ், பகலெல்லாம் தூங்கிவிட்டுப் பொழுதுபட்ட பிறகு ஆட்டத்தைத் தொடங்கும் பிள்ளை. நீங்கள் எடுக்கப்போகிற படத்தில் முக்கால்வாசி அந்தக் குமிழுக்குக் கீழேதான்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், பட்டுத் தெரிந்தது. 2009இல் மகளின் முதலாவது பிறந்தநாள். நிலுவைச் சம்பளம் கொஞ்சம் கையில் வந்திருந்தது. டவுனில் ஒரு கடையில் கமரா வாங்கினேன். பெட்டியின் மேல் "12" என்று என் உள்ளங்கை அளவில் ஒரு இலக்கம். விற்றவர் அந்த இலக்கத்தை விரலால் தட்டித் தட்டிக் கதைத்தார். உண்மையில் அது 5 மெகாபிக்சல், மிச்சத்தைக் கமராவுக்குள் இருக்கும் மென்பொருள் ஊதிப் பெருப்பித்துக் கொடுக்கிறது என்று பெட்டியின் அடியில் எறும்பு எழுத்தில் இருந்ததை வீட்டுக்கு வந்துதான் வாசித்தேன். பிளாஷ் என்ற இடத்தில் பிளாஷ் இல்லை. டோர்ச் மாதிரி ஒரு வெள்ளைக் குமிழ்.

அன்றிரவு 43 படம் எடுத்தேன். ஒன்றில் மகளுக்கு மூன்று கை. ஒன்றில் கேக் தெளிவாக இருக்கிறது, அதைச் சுற்றி நின்றவர்கள் எல்லாரும் புகை. நான் பொத்தானை அமத்தி, அது யோசித்து, பிறகு டிக் என்கிற நேரத்துக்குள் பிள்ளை மறுபக்கம் திரும்பிவிடும். அதனால் பிடரி மட்டும் விழுந்த படங்கள் தனியாக ஒரு பதினைந்து தேறும். திங்கட்கிழமை கமராவைக் கொண்டுபோய்க் காட்டினேன். விற்றவர் ஒவ்வொரு படமாகப் பார்த்துவிட்டு ஆறுதலாகச் சொன்னார்: "தம்பி, பிள்ளைய அசையாம இருக்கச் சொல்லுங்க."

ஒரு வயதுப் பிள்ளையை!

அதனால் முதலில் பார்க்க வேண்டியது பிளாஷ். உண்மையான பிளாஷ், அதாவது செனோன் பிளாஷ், ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோதான் எரியும். அந்தக் கண நேரத்தில் பிள்ளை எவ்வளவு ஆடினாலும் படத்தில் ஆட்டம் தெரியாது. போனில் இருக்கும் எல்ஈடி விளக்கு அப்படி இல்லை, அது தொடர்ந்து எரியும் சின்ன டோர்ச். வெளிச்சம் போதாத இடத்தில் போன் பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாக்கித் தருகிறது. சுவருக்கும் பூச்சாடிக்கும் அது நன்றாக வேலை செய்யும், ஓடுகிற பிள்ளைக்குச் செய்யாது. ஆனால் சின்னக் கமராவின் பிளாஷ் மூன்று மீற்றருக்கு அப்பால் பெரிதாக எட்டாது. எங்கள் கண்ணகி அம்மன் கோயில் திருக்குளிர்த்தி இரவில் பின்னுக்கு நின்று பிளாஷ் அடித்தீர்கள் என்றால் முன்னால் நிற்பவரின் பிடரிதான் வெள்ளை வெளேர் என்று விழும், அம்மன் இருட்டில்.

அந்தப் பொத்தான் யோசிக்கிற நோய்க்கும் பாதி மருந்து இருக்கிறது. பொத்தானைப் பாதி அமத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். கமரா அப்போதே தூரத்தைக் கணித்து வைத்துக்கொள்ளும். பிள்ளை சிரிக்கிற நேரம் பார்த்து மிச்சப் பாதியை அமத்தினால் உடனே எடுக்கும். இதை எனக்கு எந்தக் கடைக்காரரும் சொல்லவில்லை, பக்கத்து மேசையில் இருந்த சேர் ஒருவர் சொன்னார்.

இனி மெகாபிக்சல். ஒரு மெகாபிக்சல் என்றால் படத்தில் பத்து இலட்சம் புள்ளி. ஸ்ரூடியோவில் கழுவுகிற சாதாரண 4க்கு 6 அங்குலப் படத்துக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி என்று கணக்கிட்டால் 1200ஐ 1800ஆல் பெருக்க வேண்டும், இரண்டு மெகாபிக்சலுக்குக் கொஞ்சம் கூட. ஏ4 அளவில் பெருப்பித்துச் சுவரில் மாட்டுவதற்கே ஒன்பது போதும். 16, 20 என்று போட்டிருப்பதைக் கண்டு மயங்கவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம். இந்த விலைக் கமராக்களுக்குள் இருக்கும் சென்சர், அதாவது வெளிச்சத்தைப் பிடித்துப் படமாக்கும் தகடு, ஏறக்குறைய 6 மில்லிமீற்றர் அகலம், நாலரை மில்லிமீற்றர் உயரம். சுண்டுவிரல் நகத்தை விடச் சின்னது. அதற்குள் எத்தனை கோடி புள்ளியை அடைத்தாலும் உள்ளே போகிற வெளிச்சம் கூடப்போவதில்லை. 12க்கும் 20க்கும் இடையில் உங்கள் அல்பத்தில் ஒரு வித்தியாசமும் தெரியாது.

என்னுடைய இரண்டாவது கமராவை மச்சான் ஒருவர் புறக்கோட்டையில் வாங்கிப் பஸ்ஸில் கொடுத்துவிட்டார். பெயர் சொல்ல மாட்டேன், சொன்னால் விளம்பரம் என்பீர்கள். 10 மெகாபிக்சல், ஏஏ என்கிற விரல் பற்றரி இரண்டு. அதன் லென்ஸ் 37 மில்லிமீற்றரில்தான் தொடங்கும். இந்த இலக்கம் கூடக் கூடப் படத்துக்குள் அடங்கும் அகலம் குறையும். அதனால் மண்டபத்தில் பத்துப் பேரை ஒரு படத்துக்குள் அடக்க நான் வாசற்படியைத் தாண்டி முற்றத்தில் இறங்கி நிற்க வேண்டும், மழைக்காலத்தில் குடையோடு. நீங்கள் அந்தப் பிழையை விட வேண்டாம். 28 அல்லது அதற்குக் குறைந்த இலக்கத்தில் தொடங்கும் லென்ஸ் பாருங்கள். எத்தனை மடங்கு சூம் என்பது அதற்குப் பிறகு. "டிஜிட்டல் சூம்" என்று எழுதியிருப்பதை எழுதாதது போலவே நினைத்துக்கொள்ளுங்கள். படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெருப்பிக்கிற வேலைதான் அது.

விரல் பற்றரியை ஏளனம் செய்கிறவர்கள் உகந்தையிலிருந்து கதிர்காமத்துக்குக் காட்டுவழியால் நடந்து பார்க்கட்டும். கும்புக்கன் ஆற்றங்கரையில் எந்த மரத்தில் பிளக் இருக்கிறது? அம்மாவோடு பாதயாத்திரை போன வருடம் எட்டுப் பற்றரியைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றித் தலையணை மூட்டைக்குள் வைத்துக்கொண்டு போனேன். கூட வந்தவர்களின் போன் எல்லாம் இரண்டாம் நாளே கண்ணை மூடிவிட்டது. என் கமரா கதிர்காமம் வரை வந்தது. அம்மாதான், "படம் புடிச்சது போதும் மனே, முருகனையும் கொஞ்சம் கும்பிடு" என்று ஏசிக்கொண்டே வந்தார். ஒரு விசயம், கடையில் வாங்கும் சாதாரணப் பற்றரி கமராவில் சட்டென்று தீர்ந்துவிடும். சார்ஜ் பண்ணக்கூடிய நிக்கல் வகையில் நாலு வாங்கி மாற்றி மாற்றிப் போடுங்கள்.

அந்தக் கமராவின் முடிவு என் கையால்தான் வந்தது. கடற்கரையில் மகள் மணலில் புதைத்துவிட்டாள், நான் வாயால் ஊதிவிட்டு ஓன் பண்ணினேன். லென்ஸ் பாதியில் கர்ரென்று நின்றது. நின்றது நின்றதுதான். திருத்துகிறவர் சொன்ன காசுக்கு இன்னொன்று வாங்கலாம். ஆகவே கடற்கரைக்குக் கொண்டுபோனால் கைக்கயிற்றைக் கழற்ற வேண்டாம். மாரி மழைக்கு லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடிக்கும். பிஸ்கட் டின்னுக்குள் சப்பாத்துப் பெட்டியில் வரும் அந்தச் சிலிக்கா பொட்டலங்கள் இரண்டு மூன்றைப் போட்டு மூடி வைத்தால் போதும்.

ஸ்ரூடியோவில் கழுவுவது என்றதும் ஒன்று ஞாபகம் வந்துவிட்டது. கேள்விக்குச் சம்பந்தமில்லைத்தான், ஆனாலும் சொல்கிறேன். மகளின் சாமத்திய வீட்டுக்கு ஒரு படப்பிடிப்பாளரைப் பிடித்தோம். ட்ரோன் என்ன, குடை வெளிச்சம் என்ன. இரண்டு மாதம் கழித்து அல்பம் வந்தது, இரண்டு கையாலும் தூக்க வேண்டிய பாரம். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்தைத் திறந்து கனநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இது ஆருகா?" மகளின் முகத்தை மா பூசினது போல வெளிறாக்கி வைத்திருந்தார்கள். கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறம், கை அவளுடைய சொந்த நிறம். எங்கள் நிறத்தில் என்ன குறை என்று கேட்டால், "எல்லாரும் இப்பிடித்தான் விரும்புறாங்க அண்ணன்" என்கிறார். நாங்கள் விரும்பினோமா? திருத்தாத படங்களையாவது தாருங்கள் என்றதற்கு, கொடுப்பதில்லையாம். என் மகளின் முகத்தை என்னிடம் கொடுப்பதில்லையாம்! அன்றைக்கு மகளின் உண்மையான நிறத்தில் இருப்பது மகளின் சிநேகிதி எங்கள் சின்னக் கமராவால் எடுத்த ஆறு படம் மட்டும்தான். சரி, விடுவோம்.

என்ன வாங்கலாம் என்பதற்கு வருகிறேன். புதிதுதான் வேண்டும் என்றால் கொடக் பிக்ஸ்புரோ வரிசையைப் பாருங்கள். பெயர் மட்டும்தான் கொடக். பழைய கொம்பனி 2012இல் கமரா செய்வதை விட்டுவிட்டது, இப்போது ஜேகே இமேஜிங் என்ற வேறொரு நிறுவனம் உரிமம் வாங்கி அந்தப் பெயரில் செய்கிறது. எஃப்இசட்45 விரல் பற்றரியில் ஓடும், லென்ஸ் 27இல் தொடங்கி 4 மடங்கு சூம். எஃப்இசட்55 சார்ஜ் பண்ணும் பற்றரி, 28இல் தொடங்கி 5 மடங்கு. இரண்டும் 16 மெகாபிக்சல். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360க்குப் பாய்ந்த பிறகு இந்தச் சாமான்களுக்கு ஊருக்கு ஊர் ஒரு விலை, உங்கள் 40,000ஐத் தாண்டவும் கூடும். பாவித்தது என்றால் 2017இல் வந்த கனன் இக்சஸ் 185 அல்லது 190 நல்லது. 190 இன்னும் அகலமாக 24இல் தொடங்கும், வைஃபையும் உண்டு. நிக்கோன் கூல்பிக்ஸ் எல் வரிசையில் விரல் பற்றரிக் கமராக்கள் பல இருக்கின்றன. இப்போது இளம்பிள்ளைகள் பழைய கமராவைத் தேடித் தேடி வாங்குவதால், ஒரு காலத்தில் அலுமாரிக்குள் எறிந்து கிடந்ததற்கெல்லாம் விலை சொல்கிறார்கள். பேரம் பேசக் கூச்சப்படாதீர்கள்.

பாவித்ததை வாங்கும்போது பத்துத் தடவையாவது சூமை உள்ளே வெளியே ஓட்டிக் காதுக்குக் கிட்ட வைத்துக் கேளுங்கள், மணல் இருந்தால் அரைபடும். வெள்ளைச் சுவரைப் படமெடுத்துப் பெருப்பித்துப் பாருங்கள், உள்ளே தூசி இருந்தால் கறுப்புப் பொட்டாகத் தெரியும். பிளாஷை ஐந்தாறு தரம் அடியுங்கள். மெமரி ஸ்டிக், எக்ஸ்டி என்று வேறு சாதிக் கார்ட் கேட்கிற மிகப் பழையவற்றைத் தொடவே வேண்டாம், கார்ட் தேடி அலைய வேண்டி வரும்.

இனி அந்தப் போன்காரருக்கு. என் போன் என் சட்டைப் பையில், என் விரல்ரேகையில் திறக்கிறது. அதில் இருக்கும் ஆயிரம் படத்தில் நான் இல்லை. கமரா அலுமாரித் தட்டில் கிடந்தது. அதற்குக் கடவுச்சொல் கிடையாது, வீட்டில் யாருக்குத் தோன்றினாலும் எடுப்பார்கள். அம்மாவுக்குப் போனைத் தொடப் பயம், எங்கேயோ கோல் போய்விடும் என்று. கமராவில் ஒரேயொரு பொத்தான் என்பதால் பயமில்லை. நானும் மனிசியும் மகளும் ஒன்றாக இருக்கும் படம் எங்களிடம் பதினொன்று இருக்கிறது. பதினொன்றும் அம்மா எடுத்தவை, எல்லாம் சரிவு, ஒன்றில் எனக்கு நெற்றிக்கு மேல் தலை இல்லை. பாதிப் படத்தில் இடது மூலையில் செம்மண் நிறத்தில் ஒரு மங்கல், லென்ஸின் ஓரத்தில் விழுந்த அம்மாவின் விரல். அதை வெட்டிவிட்டுக் கழுவவா என்று ஸ்ரூடியோவில் கேட்டார்கள். வேண்டாம் என்றேன்.

கழுவி வைப்பதில் நான் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றும் சொல்லிவிடுகிறேன். 2004 மார்கழி 26க்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு அல்பமும் இல்லை. அப்பா அதற்கு மூன்று வருடம் முன்னரே போய்விட்டார். பென்சன் பாரத்துக்கு எடுத்த பாஸ்போட் சைஸ் படத்தின் மிச்சப் பிரதி ஒன்று மட்டக்களப்பில் மாமியின் கைப்பைக்குள் கிடந்தது. அதைப் பெருப்பித்துத்தான் சுவரில் மாட்டியிருக்கிறோம். அப்பப்பா சிரிக்கவே மாட்டாராக்கும் என்று மகள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். வீட்டில் அவரைப் போலப் பகிடி விடுகிற ஆள் கிடையாது.

கழுவினதும் கடலில் போகும்தானே என்று யாராவது கேட்பார்கள். போகும். அதனால்தான் கழுவும்போது இரண்டு பிரதி. ஒன்று மாமி வீட்டுக்கு. கூகிளில் போடலாமே என்றால் போடுங்கள், நானும் போடுகிறேன். 2021 ஆனியிலிருந்து அங்கே 15 ஜீபிக்கு மேல் இலவசமில்லை, அதற்குள் உங்கள் மின்னஞ்சலும் அடக்கம். வெளிநாட்டுச் சொந்தங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது ஆவணமாக இணைத்து அனுப்புங்கள், இல்லாவிட்டால் சுருக்கித்தான் அனுப்பும்.

மற்றது, பழைய கமரா என்றால் 32 ஜீபிக்கு மேல் கார்ட் வாங்காதீர்கள். நான் 64 வாங்கி, அது வாசிக்கவில்லை, கடைக்காரர் திருப்பி எடுக்கவும் இல்லை. மேசை லாச்சிக்குள் சும்மா கிடக்கிறது, கல்முனைப் பக்கம் வந்தால் தருகிறேன்.