ஜலேஷ் குரூஸ் என்று இந்தியாவில் ஒரு சொகுசுக் கப்பல் நிறுவனம் இருந்ததாமே, அது என்ன ஆயிற்று?

இருந்தது. நானே அதில் ஏறியிருக்கிறேன். 2019 ஏப்ரலில் மும்பையில் தொடங்கினார்கள், 2020 மார்ச்சில் கப்பல் நின்றது. முழுசாக ஒரு வருஷம்கூட ஓடவில்லை.

யாரைக் கேட்டாலும் "கொரோனாவுல மூடிட்டாங்க" என்பார்கள். பாதிதான் உண்மை. கொரோனா வந்தபோது உலகத்தில் உள்ள எல்லா சொகுசுக் கப்பலும்தான் நின்றது. கார்னிவல், ராயல் கரீபியன் போன்ற பெரிய கம்பெனிகள் கோடிக்கணக்கான டாலர் கடன் வாங்கித் தாக்குப்பிடித்தன. ஜலேஷிடம் இருந்தது ஒரே ஒரு கப்பல். பின்னால் நின்ற முதலாளியோ ஏற்கெனவே கடனில் இருந்தார். ஜீ தொலைக்காட்சி புகழ் சுபாஷ் சந்திராவின் எஸ்செல் குழுமம்தான் அது. 2019 ஜனவரியில் கடன் கொடுத்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டு அவர் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். அதற்கு மூன்று மாதம் கழித்து கப்பல் கம்பெனி தொடக்க விழா! அந்த வருஷம் முடிவதற்குள் ஜீ நிறுவனத்தில் இருந்த தன் பங்குகளில் பெரும்பகுதியை விற்று, தலைவர் பதவியையும் விட்டுவிட்டார். வீட்டை அடமானம் வைத்திருக்கிறவன் புது கார் புக் பண்ணின மாதிரிதான்.

கம்பெனி கதையைவிட எனக்குப் பிடித்தது கப்பலின் கதை. ஜலேஷ் என்றால் ஜலத்துக்கு ஈசன், அதாவது வருணன். கப்பலுக்கு வைத்த பெயர் கர்ணிகா. தாமரைப் பூவின் நடுவே இருக்கிற பொகுட்டுக்கு வடமொழியில் கர்ணிகை என்பார்கள். பெயர் புதுசு, கப்பல் பழசு. 1990-ல் இத்தாலியின் மொன்ஃபால்கோனே கப்பல் கட்டும் தளத்தில் பிறந்தபோது அது கிரவுன் பிரின்சஸ். பாரிஸின் பொம்பிடூ மையத்தை வடிவமைத்த இருவரில் ஒருவரான ரென்சோ பியானோதான் இதன் வெளித்தோற்றத்தையும் வரைந்தார். முன்பக்கம் மழமழவென்று டால்ஃபின் தலை மாதிரி வளைந்திருக்கும். மற்ற கப்பல்களோடு நிற்கும்போது தனியாகத் தெரியும். பெயர் சூட்டியவர் நடிகை சோஃபியா லாரன்.

அப்புறம் பெயர் மாறிக்கொண்டே போனது. ஜெர்மானியர்களுக்காக ஆரோசா ப்ளூ, பிறகு ஐடா ப்ளூ. ஆங்கிலேயர்களுக்காக ஓஷன் வில்லேஜ் டூ. 2009-லிருந்து பத்து வருஷம் ஆஸ்திரேலியாவில் பசிபிக் ஜுவல். ஆறாவது பெயர்தான் கர்ணிகா. சுமார் 70,000 டன், 245 மீட்டர் நீளம், 2,000 பேர் போகலாம். அவ்வளவு பெரிய கப்பலை முதல் நாளிலிருந்தே மும்பையில் நிரப்ப வேண்டும் என்பதுதான் சிக்கல். கப்பல் சுற்றுலா என்றாலே என்னவென்று தெரியாத ஊரில், வாரத்துக்கு இரண்டு மூன்று முறை இரண்டாயிரம் பேருக்கு எங்கே போவது? இதற்குச் சில மாதம் முன்பு, 2018 அக்டோபரில், மும்பை - கோவா வழியில் ஆங்கிரியா என்று ஒரு கப்பல் விட்டார்கள். அது ஜப்பானில் டோக்கியோவுக்கும் ஒகசவாரா தீவுகளுக்கும் இடையே ஓடின பழைய பயணிக் கப்பல். ரொம்பச் சின்னது. அந்த அளவில் ஆரம்பித்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றும். ஆனால் சின்னதாக ஆரம்பித்த அதுவும் நிலைக்கவில்லை, அதனால் இதை அடித்துச் சொல்ல மாட்டேன்.

நாங்கள் போனது 2020 ஜனவரியில். அப்போது எனக்கு மும்பையில் வேலை, செம்பூரில் வீடு. ஊரிலிருந்து அம்மாவும் அத்தையும் வந்திருந்தார்கள். பல்லார்ட் பையரில் ஏறி, கோவா போய்த் திரும்பி வரும் பயணம். அம்மா சினிமாவில் பார்த்த கப்பலை நினைத்துப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஏறின கொஞ்ச நேரத்திலேயே அவசரகாலப் பயிற்சி. ஆபத்து வந்தால் எங்கே கூட வேண்டும் என்று காட்டுவார்கள், யாரும் தப்ப முடியாது. பட்டுப்புடவைக்கு மேலே ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு அம்மா என்னை முறைத்த முறைப்பு இன்னும் நினைவிருக்கிறது. "ஏண்டா, ஏறினதுமே முழுகறதைப் பத்திப் பேசறாங்க?" என்றார் அத்தை.

சாப்பாடு நம் ஊர்க்காரர்களுக்காகவே யோசித்தது. சைவத்துக்குக் குறை இல்லை, ஜைனர்களுக்கு வெங்காயம் பூண்டு போடாமல் தனி. ராத்திரி மேல்தளத்தில் ஒரே குஜராத்திப் பாட்டு. நான் கைப்பிடிக் கம்பி ஓரமாக நின்றிருந்தேன். ஓரிடத்தில் பெயின்ட் உரிந்திருந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். உள்ளே அடுக்கு அடுக்காக, ஒரு வெள்ளைக்குக் கீழே இன்னொரு வெள்ளை, அதற்கும் கீழே கொஞ்சம் மஞ்சளோடின வெள்ளை. பழைய வீட்டுச் சுண்ணாம்புச் சுவர் மாதிரி. முப்பது வருஷம் அந்தக் கம்பியில் எத்தனை ஊர்க்காரர்கள் சாய்ந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பத்து மாதத்தில் அந்தக் கப்பலையே உடைக்கக் கரை ஏற்றிவிடுவார்கள் என்று அப்போது தெரியாது.

மார்ச்சில் எல்லாம் நின்றதும் கர்ணிகா மும்பையிலேயே முடங்கியது. கப்பல் நின்றாலும் செலவு நிற்காது. மின்சாரத்துக்கு ஜெனரேட்டர் ஓடவேண்டும், ஊழியர்களுக்குச் சாப்பாடு, சம்பளம், துறைமுகத்துக்குக் கட்டணம். டிக்கெட் வருமானம் பூஜ்யம். பாக்கிகள் ஏற, வழக்கு பம்பாய் உயர்நீதிமன்றத்துக்குப் போனது. கடல் சட்டத்தில் ஒரு விசேஷம் உண்டு. கம்பெனியைத் தேடி அலைய வேண்டாம், கப்பலையே பிரதிவாதியாக்கிக் கைது செய்யலாம். உண்மையிலேயே 'கைது' என்றுதான் சொல்வார்கள். அப்புறம் நீதிமன்றமே அதை ஏலத்தில் விற்று, வரும் பணத்தை வரிசைப்படி பங்கிடும். 2017-ல் நம் நாட்டில் இதற்குப் புதுச் சட்டமே வந்தது. அதன்படி வரிசையில் முதலில் நிற்பது கப்பல் ஊழியர்களின் சம்பளம். நியாயமான வரிசை.

அந்த நேரத்தில் ஓடக்கூடிய கப்பலாக யார் வாங்குவார்கள்? உலகம் முழுக்கக் கப்பல்கள் சும்மா நிற்கின்றன. இரும்பு விலைக்குத்தான் போனது. 2020 நவம்பரில், பழைய கப்பல்களை உடைக்கிற குஜராத்தின் அலங் கடற்கரையில் ஏற்றிவிட்டார்கள். அங்கே காம்பே வளைகுடாவில் ஓதம், அதாவது கடல் ஏற்றம், பத்து மீட்டருக்கு எழும். அந்த நேரம் பார்த்துக் கப்பலை முழு வேகத்தில் கரையை நோக்கி ஓட்டுவார்கள். நீர் வடிந்ததும் அது சேற்றில் உட்கார்ந்துவிடும். பிறகு கேஸ் கட்டர்தான்.

இதில் ஒரு வேடிக்கை. கர்ணிகாவோடு ஒட்டிப் பிறந்த தங்கை ஒன்று உண்டு, 1991-ல் வந்த ரீகல் பிரின்சஸ். அதற்குப் பெயர் வைத்தவர் மார்கரெட் தாட்சர். அதுவும் ஆஸ்திரேலியாவில்தான் ஓடியது, 2020-ல் அதையும் விற்றார்கள். வாங்கினவர்கள் அதற்குச் சதோஷி என்று பேர் வைத்து, பனாமா பக்கம் நிறுத்தி, பிட்காயின்காரர்கள் குடியிருக்கும் மிதக்கும் ஊராக ஆக்கப் பார்த்தார்கள். காப்பீடு கிடைக்காமல் திட்டம் கவிழ்ந்தது. காயலான் கடைக்குப் போகவேண்டியது எப்படியோ தப்பி, ஆம்பியன்ஸ் என்ற பேரில் இங்கிலாந்தின் டில்பரியிலிருந்து 2022-ல் மறுபடி ஓட ஆரம்பித்தது. அக்காவை வெட்டிவிட்டார்கள், தங்கைக்கு ஆயுசு கெட்டி.

ஜலேஷை நடத்திய யூர்கன் பைலோம்தான் அடுத்து வந்த கார்டீலியா குரூஸுக்கும் தலைமை ஏற்றார். 2022 ஜூனில் சென்னையிலிருந்து கிளம்பியதே, அந்தக் கப்பல். அதுவும் கர்ணிகா மாதிரியே 1990-ல் பிறந்ததுதான், ஆனால் ஒரு சுற்று சின்னது. இந்த முறை அளவு பார்த்து எடுத்திருக்கிறார்கள்.

சரி, கடைசியாக ஒன்று. இரண்டு வருஷம் முன்பு வேலையாகப் பாவ்நகர் போனவன், அப்படியே அலங் சாலைக்கும் போனேன். உடைத்த கப்பல்களின் கட்டில், மெத்தை, சோபா, சமையல் பாத்திரம், லைஃப் ஜாக்கெட் எல்லாம் வரிசையாகக் கடை போட்டு விற்கிறார்கள். ஒரு கடையில் வெள்ளைப் பீங்கான் தட்டு ஒன்றை எடுத்து, "இது எந்தக் கப்பல்?" என்று கேட்டேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு எந்தக் கப்பல் வேணும்?" என்றார். கர்ணிகா என்றேன். "அதேதான்" என்றார். இருநூறு ரூபாய். அம்மா அதில்தான் இப்போது வடாம் எடுத்து வைக்கிறார்.