கையால் தைத்த குயில்ட் போர்வையைப் பாழாக்காமல் வீட்டுச் சுவரில் மாட்டுவது எப்படி?

ஒன்றைப் பாழாக்கித்தான் நான் கற்றுக்கொண்டேன். அம்மா தன் பழைய சுங்குடிச் சேலைகளைச் சதுரம் சதுரமாக வெட்டி ஒட்டி, உள்ளே ஒரு வேட்டியை மடித்து வைத்து ஓட்டுத்தையல் போட்ட போர்வை அது. ஹாலில் மேற்கு ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் கர்ட்டன் கிளிப் ஆறு போட்டு மாட்டினேன். ஒன்றரை வருஷம் கழித்து வெள்ளையடிக்கக் கழற்றினால், கிளிப் கடித்த இடமெல்லாம் துணி கூம்பி நிற்கிறது, இடைப்பட்ட இடம் தொய்ந்து இரண்டு பக்கம் தையல் அறுந்திருக்கிறது. அரக்குச் சதுரங்கள் செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டன. அறுந்த தையலை விலக்கிப் பார்த்தேன், உள்மடிப்பில் மட்டும் அந்தப் பழைய அரக்கு, கடையிலிருந்து வந்த அன்று இருந்த மாதிரியே.

அதனால் கிளிப், ஆணி, ஊக்கு, டபுள் டேப் எதுவும் வேண்டாம். போர்வையின் முழு எடையும் நாலைந்து புள்ளிகளில் தொங்கக் கூடாது, அவ்வளவுதான் விஷயம். உள்பாவாடையில் நாடா கோர்க்க மடித்துத் தைத்திருக்கும் இல்லையா, அதே மாதிரி காடாத்துணியில் சுமார் 4 அங்குல அகலத்துக்கு ஒரு குழாய் தைத்து, போர்வையின் பின்பக்க மேல் ஓரம் நெடுகக் கையால் தைத்துவிடுங்கள். ஊசி பின்துணியையும் நடு அடுக்கையும் மட்டும் பிடிக்கட்டும், முன்பக்கம் எட்டிப் பார்க்க வேண்டாம். குழாயைக் கொஞ்சம் தொளதொளவென்று விட்டால்தான் கம்பியின் புடைப்பு முன்னால் தெரியாது. கம்பிக்கு அலுமினியக் குழாய் நல்லது. வெறும் மரக்கம்பு என்றால் அதிலிருந்து கசியும் அமிலம் நாளடைவில் துணியில் பழுப்புக் கறையாக இறங்கும், வார்னிஷ் அடித்து நன்றாகக் காயவிட்டுப் போடுங்கள்.

அடுத்தது வெளிச்சம், இதைத்தான் யாரும் நம்ப மாட்டார்கள். வெயில் நேரடியாக விழவில்லையே, ஜன்னலில் கண்ணாடி இருக்கிறதே என்பார்கள். கண்ணாடி புற ஊதாக் கதிரை முழுசாகத் தடுக்காது, சாதாரண வெளிச்சமே சாயத்தைத் தின்னும், போன நிறம் திரும்ப வராது. அருங்காட்சியகங்களில் துணிகளுக்கு 50 லக்ஸ் வெளிச்சம்தான் வைக்கிறார்கள், கிட்டத்தட்ட அரையிருட்டு. நம் ஹாலில் அது நடக்காது, ஆகவே முறை வைத்து மாட்டுவதுதான் வழி. எங்கள் வீட்டில் இன்னொரு போர்வை தை பிறந்ததும் சுவரேறும், சித்திரை வெயில் உறைக்கும் முன் இறங்கிவிடும். மழைக்காலத்தில் ஈரம் ஊறும் வெளிச்சுவரில் மாட்டவே மாட்டேன். சுவருக்கும் துணிக்கும் இரண்டு விரல் இடைவெளியாவது விடுங்கள், காற்று போகும். அந்த இடைவெளியில் பல்லி குடியேறும் என்பது வேறு கதை, வாரம் ஒருமுறை பின்னால் எட்டிப் பாருங்கள். பூஜையறை, சமையலறைப் பக்கம் வேண்டாம், எண்ணெய்ப் புகை படிந்தால் துவைக்காமல் போகாது, துவைத்தால் பழைய சாயம் ஒன்றின் மேல் ஒன்று இறங்கிவிடலாம். தூசிக்கு, போர்வை மேல் கொசுவலைத் துண்டை விரித்து வேக்குவம் கிளீனரைக் குறைந்த வேகத்தில் ஓட்டினால் போதும்.

இறக்கினபின் பட்டுப்புடவையை எப்படி வைப்பீர்களோ அப்படி. காடாத்துணியில் சுற்றி, சில மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள், முடிந்தால் மடிக்காமல் சுருட்டியே வையுங்கள். பாலிதீன் பையில் போட்டால் உள்ளேயே புழுங்கிப் பூஞ்சை பிடிக்கும். கஞ்சி போடவே கூடாது, இராமபாணப் பூச்சிக்கு அது விருந்து. அந்துருண்டை நேராகத் துணியில் படக் கூடாது, நான் வசம்பைத் துணியில் முடிந்து ஓரமாக வைக்கிறேன்.

பட்டுத் துணி ஏற்கெனவே இற்றுப் போயிருந்தால் இதெல்லாம் செய்தும் தொங்கவிடாதீர்கள். கட்டிலில் விரிப்பதுதான் துணிக்கு இருப்பதிலேயே சுகமான இடம், எடை எங்கேயும் இழுக்காது. அம்மாவின் போர்வை இப்போது விருந்தாளி அறைக் கட்டிலில் கிடக்கிறது. ஆள் இல்லாத நாட்களில் மேலே ஒரு பழைய பெட்ஷீட், வெளிச்சத்துக்கு மட்டுமில்லை, பூனைக்கும் சேர்த்து.