ஏரிப் பக்கமா, ஜங்ஷன் பக்கமா?

கேள்வி: கணவருக்கு ஈரோட்டில் வேலை, எனக்குச் சேலம் நகருக்குள். குடியிருக்கப் பசுமையான இடம் வேண்டும். கண்ணங்குறிச்சி சரிப்படுமா? (ஒரு வாசகி, மதுரை)

பதில்: நானே கண்ணங்குறிச்சிக்காரி, ஊர்ப்பாசம் கொஞ்சம் கலந்துதான் வரும், தங்கச்சி. எங்கள் பெருமை மூக்கனேரி. சேர்வராயன் மலைத் தண்ணீர் வந்து சேரும் ஏரி. 2010-ல் சேலம் சிட்டிசன்ஸ் ஃபோரம் தூர்வாரி, அந்த மண்ணிலேயே நடுநடுவே திட்டுகள் எழுப்பி மரம் நட்டார்கள். இப்போது அவை பறவைகளின் குடித்தனம். காலையில் கரையோரம் நடந்தால் கொக்கும் நீர்க்காகமும் கண்ணில் படாமல் இருக்காது. நிமிர்ந்தால் மலை.

உங்களுக்குக் கவலையில்லை, அஸ்தம்பட்டி வழியாக டவுன் பஸ் உண்டு. சிக்கல் உங்கள் வீட்டுக்காரருக்குத்தான். ஈரோட்டுக்கு ரயில் ஒரு மணி நேரப் பாடு. ஆனால் ஜங்ஷன் இருப்பது மேற்கே சூரமங்கலத்தில், நாங்கள் வடகிழக்கில். தினமும் ரயிலுக்கு முன்னால் சேலத்தையே தாண்டியாக வேண்டும். ஞாயிறு சாயங்காலம் ஏற்காட்டிலிருந்து இறங்கும் கார்கள் அஸ்தம்பட்டியில் சேர்ந்துகொண்டால், வெளியே கிளம்பாதீர்கள். தட்டுவடை செட் வாங்கிக்கொண்டு வீட்டிலேயே இருங்கள்.

அவர் பொறுமைசாலி என்றால் வாருங்கள். இல்லையேல் சூரமங்கலம் பக்கம் பாருங்கள், மரம் நீங்களே நடலாம். எங்கள் ஊர்தான் என்றால், ஏரியை ஒட்டிய தாழ்வான மனைகளை ஐப்பசி மழையில் ஒருமுறை பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.