9 மாத ஊசி தவறிவிட்டது, பிள்ளைக்கு இப்போது 14 மாதம். பக்கத்து லயத்தில் அம்மாள் போட்டிருக்கிறது. இனிப் போடலாமா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம், குடும்பம் இருப்பது லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில். பிள்ளைக்கு 6 மாத ஊசி வரை ஒழுங்காகப் போட்டாயிற்று. 9 மாதக் கிளினிக் அன்று தடிமன் என்று திரும்பி வந்திருக்கிறார்கள். அடுத்த முறை அம்மாவுக்கு மலையில் வேலை. அதற்குப் பிறகு, "அந்த ஊசிதான் பிள்ளையை முடக்கும்" என்று வட்ஸ்அப்பில் வந்த ஒரு குரல் பதிவைக் கேட்டுவிட்டு மாமியார் வேண்டாம் என்கிறார். இப்போது கீழ் லயத்துப் பிள்ளை ஒன்றுக்கு உடம்பெல்லாம் சிவந்து கிடக்கிறது.

போடலாம். போட வேண்டும். இன்றைக்கே மிட்வைஃபுக்கு ஃபோன் பண்ணுங்கள், அடுத்த கிளினிக் நாள் வரை இருக்க வேண்டாம். கீழ் லயத்தில் வந்திருப்பது சின்னமுத்து (மீசல்ஸ்) என்றால், உங்கள் பிள்ளை அந்தப் பிள்ளைக்குக் கிட்டப் போன நேரத்திலிருந்து 72 மணித்தியாலத்துக்குள் எம்.எம்.ஆர். ஊசி (தவறிய 9 மாத ஊசி இதுதான்; சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா மூன்றுக்கும் காவல்) போட்டால் நோய் வராமலே போகலாம், வந்தாலும் லேசாகப் போகலாம். 72 மணித்தியாலம் தாண்டிவிட்டது என்றாலும் விட்டுவிடாதீர்கள். இந்தத் தடவை தொற்றாமல் தப்பியிருந்தால் அடுத்த தடவைக்கு அது காவல்.

தவறிய ஊசிக்காக எல்லாவற்றையும் முதலிலிருந்து போடத் தேவையில்லை. போட்டது போட்டதுதான், விட்ட இடத்திலிருந்து தொடரலாம். உங்கள் பிள்ளைக்கு இரண்டு பாக்கி: 9 மாதத்துக்குரிய எம்.எம்.ஆர்., 12 மாதத்துக்குரிய யப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசி. இரண்டும் உயிருள்ள, வலுவிழக்கச் செய்த கிருமியால் ஆனவை. அதனால் ஒரே நாளில் வெவ்வேறு இடத்தில் போடலாம். அல்லது இடையில் முழுதாக 4 வாரம் விட வேண்டும். ஒரு வாரம், பத்து நாள் இடைவெளியில் போட்டால் முதலாவது ஊசிக்கு உடம்பு காட்டும் எதிர்ப்பு இரண்டாவதைச் சரியாகப் பிடிக்கவிடாது. வேறு ஊரில், வேறு கிளினிக்கில் ஏதாவது போட்டிருந்தால் அந்தத் திகதியை மறைக்காமல் சொல்லுங்கள். பிறகு 18 மாதத்தில் முக்கூட்டு ஊசியும் (தொண்டைக் கரப்பான், குக்கல், ஏற்புவலி மூன்றுக்கும் ஒன்று) போலியோச் சொட்டும், 3 வயதில் இரண்டாவது எம்.எம்.ஆர். அந்த இரண்டாவதை "ஒன்று போட்டாயிற்றே" என்று பலர் விடுகிறார்கள். 9 மாதத்தில் போடும் ஒன்று நூற்றுக்குச் சுமார் 85 பிள்ளைகளில்தான் பிடிக்கும். மீதிப் பிள்ளைகளுக்கும் காவல் கிடைப்பது இரண்டாவதால்தான்.

தடிமன் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் கதை கெட்டது அங்கேதான். லேசான தடிமன், இருமல், இரண்டு தடவை வயிற்றால் போனது, மருந்து குடித்துக்கொண்டிருப்பது, நிறை குறைவு, குறைமாதத்தில் பிறந்தது, வீட்டில் யாரோ கர்ப்பமாக இருப்பது: இவை எதுவும் ஊசியை நிறுத்தக் காரணமில்லை. கடும் காய்ச்சலோடு பிள்ளை சோர்ந்து கிடந்தால் சில நாள் தள்ளலாம். முந்திய ஊசிக்குக் கடும் ஒவ்வாமை, நோயெதிர்ப்புச் சக்தியைக் குலைக்கும் நோய், அதிக அளவு ஸ்டெரொய்ட் மருந்து, அண்மையில் இரத்தம் ஏற்றியது என்று இருந்தால் டொக்டரிடம் கேட்டே போட வேண்டும். இந்த எல்லைக் கோடு அம்மாமாருக்குத் தெரிந்திருந்தால், மூக்கொழுகும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திரும்பி நடக்க வேண்டி வராது. கொழுந்து பறிப்பவருக்குக் கிளினிக் போன நாளில் ஒரு பேர் (ஒரு நாள் சம்பளம்), குறைந்தது அரைப் பேர் போகும். ஒரு தடவை வீணாகத் திரும்பியவர் மறு தடவை யோசிப்பார். அவரைப் பொறுப்பில்லாதவர் என்று சொல்ல எனக்கு மனம் வராது. மலையகத்தில் ஊசியே வேண்டாம் என்று அடம்பிடிக்கும் குடும்பத்தை விட, தள்ளிப் போய் தள்ளிப் போய் விட்டுப்போன குடும்பம்தான் அதிகம். வதந்தி வந்து உட்காருவது அந்த இடைவெளியில்தான். அம்மாவே வர வேண்டும் என்றும் இல்லை. கிளினிக் காட்டை (ஊசி விவரம் எழுதும் அட்டையை) கொடுத்து அம்மாயியை, அப்பாயியை, விவரம் தெரிந்த ஒருவரை அனுப்பலாம்.

"அம்மாள் போட்டிருக்கு" என்ற சொல்லையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். கொப்பளிப்பானையும் (சிக்கன் பொக்ஸ்) சின்னமுத்தையும் தோட்டத்தில் ஒரே பெயரால் சொல்கிறோம். கொப்பளிப்பான் பெரும்பாலான பிள்ளைகளில் பத்து நாளில் தானாக இறங்கிவிடும். அந்த அனுபவத்தை வைத்துச் சின்னமுத்தையும் "தண்ணி வார்த்தால் போய்விடும்" என்று விட்டுவிடுகிறார்கள். இரண்டும் வேறு வேறு. கொப்பளிப்பானில் நீர் கோர்த்த கொப்புளம் வரும். சின்னமுத்தில் முதல் மூன்று நான்கு நாள் கடும் காய்ச்சல், மூக்கொழுகல், வறட்டு இருமல், வெளிச்சத்தைப் பார்க்கக் கூசும் சிவந்த கண். டோர்ச் அடித்துக் கன்னத்தின் உட்பக்கம் பார்த்தால், கடைவாய்ப் பல்லுக்கு நேராக, சிவந்த தோலில் ரவை தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள் தெரியலாம். அதற்குப் பிறகுதான் தடிப்பு. காதுக்குப் பின்னால், மயிர்க்கோட்டில் தொடங்கி, முகம், நெஞ்சு, கை, கால் என்று கீழே இறங்கும். கறுத்த தோலில் சிவப்பு எடுப்பாகத் தெரியாது. கையால் தடவினால் சொரசொரப்பாகத் தெரியும்.

வேப்பிலையை வாசலில் கட்டுங்கள், மாரியம்மனுக்கு நேர்த்தி வையுங்கள், அதில் ஒரு கெடுதலும் இல்லை. கெடுதல் செய்வது மூன்று விஷயம்: ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் இருப்பது, சாப்பாட்டை நிறுத்துவது, தாய்ப்பாலை நிறுத்துவது. சின்னமுத்துப் பிள்ளைக்கு வைட்டமின் ஏ கொடுக்க வேண்டும், இன்று ஒன்று, நாளை ஒன்று: 6 மாதத்துக்குக் குறைந்தால் 50,000 அலகு, 6 முதல் 11 மாதம் வரை 100,000, ஒரு வயதுக்கு மேல் 200,000. இது கண்ணைக் காக்கும், உயிரையும் காக்கும். கடையில் வாங்கி நீங்களாகக் கொடுக்காமல் ஆஸ்பத்திரியில் கொடுக்கச் செய்யுங்கள். பிள்ளைகளைச் சாகடிப்பது பெரும்பாலும் தடிப்பல்ல, அதன் பின்னால் வரும் நியுமோனியாவும் வயிற்றோட்டமும்தான். பிள்ளை தூங்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, முழுதாக ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். ஒரு வயதுக்குள் 50 அல்லது அதற்கு மேல், ஒரு வயது முதல் ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல் வந்தால், அல்லது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால், பால் குடிக்காவிட்டால், வலிப்பு வந்தால், அந்த நேரமே ஆஸ்பத்திரி. சின்னமுத்து முன்பு சேர்த்துவைத்த எதிர்ப்புச் சக்தியில் ஒரு பகுதியையும் அழித்துவிடுகிறது. அதனால்தான் அது இறங்கிய பிறகும் மாதக்கணக்கில் பிள்ளை ஒவ்வொரு நோயாகப் பிடித்துக்கொண்டிருக்கும்.

தடிப்பு வருவதற்கு 4 நாள் முன்பிருந்தே, தடிப்பு வந்து 4 நாள் வரை அது தொற்றும். அந்தப் பிள்ளை இருமிவிட்டுப் போன அறையில் 2 மணித்தியாலம் வரை கிருமி காற்றில் நிற்கும். காவல் இல்லாதவர் கிட்ட இருந்தால் பத்துப் பேரில் ஒன்பது பேருக்குப் பிடிக்கும். முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டிய லயத்தில், குறுக்கே காற்றோடாத ஒற்றைக் காம்பராவில் இதன் அர்த்தம் என்னவென்று விளக்கத் தேவையில்லை. தடிப்பு வந்து 4 நாள் முடியும் வரை அந்தப் பிள்ளை பிள்ளைக் காம்பராவுக்கு (தோட்டத்தில் பகலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்துக்கு) வரக்கூடாது. தோட்டத்து மருந்தகத்துக்கும் சுகாதார வைத்திய அதிகாரி காரியாலயத்துக்கும் அறிவியுங்கள். காட்டிக்கொடுப்பதாக நினைக்க வேண்டாம். அவர்கள் வந்தால்தான் லயத்திலுள்ள மற்றப் பிள்ளைகளின் காட்டைப் பார்த்து விட்டுப்போன ஊசியைப் போடுவார்கள்.

"இலங்கையில் சின்னமுத்து ஒழிந்துவிட்டதே" என்ற கேள்வியும் வரும். 2019 ஜூலையில் உலக சுகாதார நிறுவனம் அப்படி அறிவித்தது உண்மை. அதன் அர்த்தம், உள்ளூரில் தொடர்ந்து பரவுவது நின்றது என்பதுதான். வெளியிலிருந்து வரும் கிருமிக்குக் கதவு பூட்டப்படவில்லை. 2023இல் மேல் மாகாணத்தில் மீண்டும் கிளம்பியது. 2024 ஜனவரியில் கண்டி உட்பட 9 மாவட்டங்களில் 6 முதல் 9 மாதப் பிள்ளைகளுக்கு மேலதிகமாக ஒரு ஊசி போட வேண்டி வந்தது. அந்த மேலதிக ஊசி 9 மாத ஊசிக்குப் பதில் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். தாயிடமிருந்து வந்த காவல் அந்த வயதில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்து ஊசியை மழுங்கடிக்கும். கொழும்பில் வேலை செய்பவர்கள் பொங்கலுக்கும் தேர்த் திருவிழாவுக்கும் ஊர் திரும்பும் மலையகத்தில், மேல் மாகாணத்தில் பரவுவது நமக்குத் தூரத்துச் செய்தியல்ல. நூற்றுக்கு 95 பேருக்கு இரண்டு ஊசியும் இருந்தால்தான் அது பரவாமல் நிற்கும். முழு மாவட்டத்தின் கணக்கு நன்றாக இருந்தாலும், தோட்டத்தின் ஒரு பிரிவில் (டிவிஷனில்) ஏழெட்டுப் பிள்ளைகள் விட்டுப்போயிருந்தால் கிருமிக்கு அது போதும்.

இனி அந்தக் குரல் பதிவு. எம்.எம்.ஆர். ஊசிக்குக் காய்ச்சல் வரும், உண்மைதான். ஆனால் அன்றிரவே அல்ல, 5 முதல் 12 நாளுக்குள். சிலருக்கு லேசான தடிப்பும் வரும், அது மற்றவருக்குத் தொற்றாது. ஊசி போட்ட இரவே காய்ச்சல் என்றால் பெரும்பாலும் வேறு காரணம் இருக்கும், காட்டுங்கள். மூவாயிரம் நாலாயிரம் பிள்ளைகளில் ஒன்றுக்குக் காய்ச்சல் வலிப்பு வரலாம். பார்க்கப் பயமாக இருக்கும், மூளையைப் பாதிக்காது. பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள், சாவிக்கொத்தைக் கையில் திணிக்காதீர்கள், 5 நிமிடத்தில் நிற்காவிட்டால் வாகனம் பிடியுங்கள். நின்றாலும் ஒருமுறை டொக்டரிடம் காட்டுங்கள். காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் ஒரு கிலோ நிறைக்கு 15 மில்லிகிராம். 5 மில்லிலீட்டரில் 120 மில்லிகிராம் உள்ள பாணி என்றால் 8 கிலோப் பிள்ளைக்கு 5 மில்லிலீட்டர், 6 மணித்தியாலத்துக்கு ஒருமுறை, நாளுக்கு நாலு தடவைக்கு மேல் வேண்டாம். போத்தலில் எழுதியிருக்கும் அளவைப் படியுங்கள், சொட்டு மருந்து இதை விடப் பல மடங்கு செறிவானது. ஒட்டிசம் வரும் என்ற கதை 1998இல் இங்கிலாந்தில் 12 பிள்ளைகளை வைத்து எழுதிய ஒரு கட்டுரையிலிருந்து கிளம்பியது. அதில் மோசடி இருந்தது தெரியவந்து 2010இல் அந்தச் சஞ்சிகையே கட்டுரையை மீளப் பெற்றது. எழுதிய வைத்தியரின் பதிவும் பறிபோனது.

ஊசி போட்டால் பிற்காலத்தில் பிள்ளைப்பேறு நிற்கும் என்ற பயம் வேறு வகை. ஆறாம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்கு 2017 முதல் போடும் எச்.பி.வி. ஊசியின்போது இது அதிகம் கேட்கும். தோட்டத்துப் பெண்களுக்கு முழு விளக்கம் சொல்லாமல் கருத்தடை செய்தார்கள் என்ற குற்றச்சாட்டு நெடுங்காலமாக உண்டு, அதனால் இந்தப் பயத்தை அறியாமை என்று ஒதுக்குவது நியாயமில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பெண்களுக்குப் போடும் கருத்தடை மருந்தையும் நாம் "ஊசி" என்றே சொல்வதால் குழப்பம் கூடுகிறது. பிள்ளைகளுக்குப் போடும் தடுப்பூசி எதிலும் கருத்தடை ஹோர்மோன் கிடையாது. எச்.பி.வி. கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுப்பதற்கு. ஊசியின் பெயர், எதற்கு, எத்தனை நாளில் என்ன வரும் என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள். மிட்வைஃப் சிங்களம் மட்டும் பேசுபவர் என்றால் இரண்டு மொழியும் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள். விளங்காமல் தலையாட்ட வேண்டாம்.

ஊசி தவறாகவும் போகலாம், அதையும் மறைக்கக் கூடாது. சமோவாத் தீவில் 2018இல் இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். எம்.எம்.ஆர். தூளைக் கரைக்கும் நீருக்குப் பதிலாகத் தசையைத் தளர்த்தும் மருந்தைக் கலந்துவிட்டார்கள். அரசு ஊசியையே மாதக்கணக்கில் நிறுத்தியது, மக்களும் பயந்தார்கள். 2019 கடைசியில் சின்னமுத்து வந்து 83 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்டவர்கள். இலங்கையிலும் 2008இல் ஐங்கூட்டு ஊசிக்கு (ஐந்து நோய்க்கு ஒன்றாகப் போடுவது) பிறகு சில இறப்புகள் நடந்தன. அந்த ஊசியை நிறுத்தி விசாரித்தார்கள், ஆனால் பழைய முக்கூட்டு ஊசியைத் தொடர்ந்து போட்டார்கள். விசாரணை முடிந்து 2010இல் ஐங்கூட்டு திரும்ப வந்தது. பிள்ளைகளைக் காவலில்லாமல் விடவில்லை, வித்தியாசம் அதுதான்.

கிளினிக்கில் நீங்களே பார்க்கக்கூடியவை உண்டு. எம்.எம்.ஆர். தூளாக வரும், அதற்கென்று வந்த நீரில் மட்டுமே கரைக்க வேண்டும். கரைத்த குப்பியை 6 மணித்தியாலத்துக்குள் முடிக்க வேண்டும், மிச்சத்தை நாளைக்கு வைக்கக் கூடாது. ஒரு பிள்ளைதான் வந்திருக்கிறது, குப்பி வீணாகும் என்று திருப்பி அனுப்பினால் பணிவாக ஆனால் உறுதியாகக் கேளுங்கள், வீணாகும் குப்பியை விட விட்டுப்போகும் பிள்ளை பெரிய நட்டம். தோட்ட மருந்தகக்காரர்களுக்கு ஒன்று: ஐங்கூட்டு போன்ற ஊசிகள் உறைந்தால் கெட்டுவிடும். ஐஸ் பெக்கை ஃபிரீஸரிலிருந்து எடுத்ததும் பெட்டிக்குள் வைக்கக் கூடாது, குலுக்கினால் உள்ளே தண்ணீர் சலசலக்கும் வரை வெளியே வைக்க வேண்டும். நுவரெலியாக் குளிரில் அதற்குக் கீழ் நாட்டை விட நேரம் கூடும். ஊசி போட்ட பின் 20 நிமிடமாவது அங்கேயே இருங்கள், கடும் ஒவ்வாமை வந்தால் அதற்குள் தெரியும், மருந்தும் கையில் இருக்கும்.

காட் தொலைந்திருந்தால் மிட்வைஃபின் பதிவேட்டில் பாருங்கள். அங்கும் இல்லையென்றால் போடவில்லை என்றே எடுத்துப் போடுவார்கள். எம்.எம்.ஆர். ஒன்று கூடினால் கெடுதல் இல்லை. கொழும்பில் இருந்தாலும் அந்தப் பகுதி அரச கிளினிக்கில் இலவசமாகப் போடலாம். காட்டை ஒரு பொலித்தீன் உறையில் போட்டு அடையாள அட்டையோடு வையுங்கள், ஒவ்வொரு பக்கத்தையும் ஃபோனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். லயத்துக் கூரை ஒழுகும் மாதங்களில் அதுதான் மிஞ்சும்.